முதலில் நகராத மனிதன்

என் அண்ணன் பந்தயத்தில் சைக்கிளை வேகமாக ஓட்டிப் பட்டம் வாங்கினான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஓட்டாமல் நின்றுதான் வாங்கினான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பத்திரிகைக்காரர்கள் அவனைப் பற்றி எழுதும்போதெல்லாம் புயல், மின்னல் என்று ஆகாயத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிவிடுவார்கள். கூடப் பிறந்தவளுக்கு அவன் எந்தக் காலத்திலும் புயலாகத் தெரிந்ததில்லை. நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போவான். கதவைத் தட்டினால், "அவசரப்படாத" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் அறிந்த அண்ணன் அவன்தான்.

அந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரப்பலகை அடித்த வட்டத் தடம், வளைவுகளில் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அதில் ஓடும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும். காலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று நினைத்தால் சைக்கிள் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். எங்கள் அம்மா ஒரே ஒரு முறை வந்து பார்த்தாள். "குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

அண்ணன் ஓட்டியது இரண்டே பேர் மோதும் பந்தயம். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பின்னால் வருகிறவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சுகமாக வந்து, கடைசி வளைவில் தாண்டிவிடுவான். அதனால் இருவருமே முன்னால் போக மாட்டார்கள். ஊர்ந்து ஊர்ந்து சரிவின் உச்சிக்குப் போய், கால் தரையில் படாமல் சைக்கிளை அப்படியே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கத்துவார்கள். சைக்கிளில் நிற்கிறவர்கள் காதில் விழாது. பொறுமை இழந்து யார் முதலில் நகர்கிறானோ அவன் தோற்றான். எதிராளி நகர்ந்த அடுத்த கணம் என் அண்ணன் உச்சியிலிருந்து அவன்மேல் பாய்வான். அதனால் பருந்து என்ற பெயர் வந்தது. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கல்யாணமான பிறகு அண்ணி மட்டும், கோபம் வந்தால், "கோழிக்குஞ்சு தூக்கறவர் வந்துட்டாரு" என்பாள்.

இறுதிப் போட்டியில் அவனுக்கு எதிரே நின்றது அவனுடைய சிநேகிதன். ஆள் உயரம் என்பதால் நெட்டை என்று பெயர். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தே ஓட்டிப் பழகியவர்கள். அன்றைக்கு வளைவின் உச்சியில் இருவரும் நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். கூட்டம் முதலில் கத்தியது, அப்புறம் சிரித்தது, அப்புறம் அதற்கே வாய் அடைத்துப்போனது. நெட்டையின் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவருடைய முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சக்கரம் ஒரு சாண் முன்னால் உருண்டது. அதோடு முடிந்தது. எல்லைக் கோட்டில் அண்ணன் அவரைவிட ஒரு சைக்கிள் நீளம் முன்னால் இருந்தான்.

அன்றைக்கு நான் தொண்டை கிழியக் கத்தியது நெட்டைக்காக. பக்கத்தில் இருந்த அத்தை என் கையில் கிள்ளிய தழும்பு கொஞ்ச நாள் இருந்தது. அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னபோது, "போயும் போயும் தோத்தவனையா?" என்றான்.

"ஜெயிச்சவன்கூட ஒரே வீட்டுல இருந்து பாத்துட்டேன், போதும்" என்றேன்.

"அப்ப அவன் வந்து கேக்கட்டும்" என்றான். மறுநாளே அவர் வந்து கேட்டார். கேட்கிற விஷயத்தில், வருகிற விஷயத்தில், சமாதானம் பேசுகிற விஷயத்தில் எப்போதும் முதல் ஆளாக நகர்கிறவர் அவர். ஒரே ஒரு முறைதான் நகர மாட்டேன் என்று நின்றார். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் இவ்வளவும் சொல்ல வந்தேன்.

கால் வேகம் குறைந்ததும் அண்ணன் சைக்கிளைக் குறை சொல்ல ஆரம்பித்தான். ஃபிரேம் நீளம், குழாய் கனம், கோணம் சரியில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நான் சொன்னதும் ரோஷம் வந்து, தன் பந்தயச் சைக்கிளையே ரம்பத்தால் அறுத்துவிட்டான். அறுக்கத் தெரிந்தது, ஒட்டத் தெரியவில்லை. ஒட்டித் தந்தவர், அதற்குள் என் வீட்டுக்காரர் ஆகியிருந்த நெட்டை. அவர் அப்போது ஒரு தொழிற்சாலையில் குழாய்களைப் பித்தளை வைத்துப் பற்றவைக்கும் வேலையில் இருந்தார். ஒட்டிய சைக்கிள் பழையதைவிட நன்றாக ஓடியது. பட்டறை பிறந்தது அப்படித்தான்.

தெருவைப் பார்த்த முன் அறை. நடுவில் ஒரு நீண்ட மேசை, அதன் ஓரத்தில் குழாயைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், மூலையில் சாய்த்து வைத்த குழாய்கள், காஸ் சிலிண்டர், கூரையில் தொங்கும் ஃபிரேம்கள். குழாயை அளந்து அறுப்பது அண்ணன். இணைப்பில் நெருப்பை வைத்துப் பித்தளையை உருக்கி ஓடவிடுவது அவர். சூடு ஆறியதும் வழிந்த பித்தளையை அரத்தால் அராவி வழவழப்பாக்குவது மறுபடி அண்ணன். கடைசியில் பருந்துப் படம் ஒட்டப்படும். அந்தப் படத்தைத் தடவிப் பார்க்காமல் எவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதில்லை.

ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்வான். கால் அளவு எடுக்க, வந்தவரைச் சுவரோரம் நிற்கவைத்து, தடித்த புத்தகம் ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவே முடிந்தவரை மேலே ஏற்றச் சொல்லி, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை நாடாவைப் பிடிப்பான். பெண்களுக்கு அந்த வேலையை அண்ணி பார்த்துக்கொள்வாள். அதற்காக வாங்கிப் போட்டது ஒரு அகராதி. அதனால் பலன் அடைந்தவர்கள் ஏராளம், அதைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை.

ஒரே கஷ்டம், யார் வந்தாலும் அவனுக்குப் பந்தயக்காரராகத்தான் தெரிவார்கள். தபால்காரம்மா ஒருத்தி பைகளை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகச் சைக்கிள் கேட்டாள். அவளை மூக்கு முன் சக்கரத்தில் இடிக்கிற மாதிரி குனியவைத்து ஒன்று செய்து கொடுத்தான். "வேகமாப் போகும்" என்றான். "போகும்யா, ஆனா வீட்டு நம்பரைப் பாக்க வேணாமா?" என்று அவள் கேட்டாள். அவன் உள்ளே போன சமயம் என் வீட்டுக்காரர் ஹேண்டில்பாரைச் சத்தமில்லாமல் உயர்த்தி வைத்து அனுப்பினார். இப்படி அவன் குனியவைத்தவர்களை எல்லாம் இவர் நிமிர்த்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், சாயங்காலம் சேர்ந்து டீ குடிப்பார்கள். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த காலம் அது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை, வழக்கமான கூச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெண் வந்தாள். நல்ல ஓட்டக்காரி, அடுத்த பட்டம் அவளுக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். இருப்பதிலேயே எடை குறைந்த ஃபிரேம் வேண்டும் என்றாள். அண்ணனுக்கும் கை துறுதுறுத்தது. தான் ஓட்ட முடியாத வேகத்தை அவள் ஓட்டட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அந்த ஃபிரேமின்மேல் அரமும் கையுமாகவே கிடந்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. தடத்தில் உச்சி வளைவில் அவள் முழு வேகத்தில் இறங்கும்போது, ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் சாய்ந்த குழாய் இணைப்பின் விளிம்பில் முறிந்தது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. கன்னத்துத் தோல் பலகையிலேயே போய்விட்டது. பிழைத்துக்கொண்டாள், பந்தயத்துக்கு மட்டும் திரும்பவில்லை.

அவளுடைய சைக்கிள் கிளப்காரர்கள் உடைந்த ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த இடத்தில் குழாய் முறிய இரண்டு காரணம் உண்டு. பற்றவைக்கிறவன் அளவுக்கு மீறிச் சூடு வைத்தால் இரும்பு சத்தை இழந்துவிடும். அராவுகிறவன் பித்தளையோடு நிற்காமல் குழாயையும் சேர்த்து அராவினால் அது காகிதமாகிவிடும். எது நடந்தது என்பது உடைந்த விளிம்பிலேயே தெரியும், தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும். என் வீட்டுக்காரர் ஃபிரேமை வாங்கி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். அதை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணனும் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"எப்படி ஆச்சு?" என்று கிளப் செயலாளர் கேட்டார்.

அண்ணன் சொன்னான்: "பத்தவைக்கிறது நான் இல்லையே."

அவன் சொன்னது அவ்வளவுதான், பொய்யும் இல்லை. பற்றவைத்தது அவன் இல்லைதான். ஒரு சொல் கொல்லும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோல் மேலங்கியைக் கழற்றி, மடித்து, வைஸின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நெருப்பு அப்படி உடைக்காது. அது அவன் அரம்" என்றார் வீட்டுக்கு வந்து.

"அப்ப அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"அவனுக்குத் தெரியும். அவன் வாயால சொல்லட்டும்."

மறுநாள் நான் பட்டறைக்குப் போய், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அண்ணனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவன் மறுக்கவில்லை. "அவன் வந்து கேக்கட்டும். கேட்டா சொல்றேன்" என்றான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அன்றிலிருந்து நான் மத்தளம்.

முதல் கொஞ்ச காலம் அவன் ஏன் வாயை மூடிக்கொண்டான் என்பது எனக்கும் புரிந்தது. பருந்துப் படம் ஒட்டிய ஒவ்வொரு ஃபிரேமையும் அராவியது அவன் கை. அந்தக் கை தப்பு செய்தது என்றால் கடையை மூடவேண்டியதுதான். ஆனால் போகப் போக அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கிளப் மறந்தது, செயலாளர் மாறினார், அந்தப் பெண்ணே வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பயப்பட ஒன்றுமே மிச்சமில்லாத பிறகும் அவன் வாய் திறக்கவில்லை. முதலில் நகர்வது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கட்சி. வாழ்க்கையில் ஜெயித்த எல்லாவற்றையும் அடுத்தவன் முதலில் நகர்ந்ததால் ஜெயித்தவன் அவன். காத்திருந்தால் இதுவும் தானாக நடக்கும் என்று நினைத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் பராமரிக்கும் வேலைக்குப் போனார். தையல் போட்டது தெரியாத மாதிரி ஃபிரேம்களை இணைத்தவர், கழிவறைக் குழாய்களுக்கு அடைப்பு எடுத்தார். குறை சொல்லவில்லை. "இதுவும் ஒழுகாம இருந்தா சரி" என்பார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அண்ணன் வேறு வேறு ஆட்களைப் பற்றவைக்கப் போட்டான், ஒருவரும் நிலைக்கவில்லை. யார் செய்தாலும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "அவன் மாதிரி வரல" என்பானாம். இதை அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தினமும் காலையில் அண்ணன் எங்கள் தெரு வழியாகத்தான் பட்டறைக்குப் போவான். பட்டறைக்கு அது வழியே இல்லை, சுற்று. எங்கள் வீடு வந்ததும் மெதுவாக்குவான், சில நாள் அநேகமாக நிற்கவே செய்வான், அப்புறம் போய்விடுவான். உள்ளே சவரம் செய்துகொண்டிருக்கும் இவர் கை, அந்தச் செயின் சத்தம் கேட்டதும் கன்னத்தில் அப்படியே நிற்கும். சத்தம் போன பிறகு தொடரும். எங்கள் மகள் கல்யாணத்திலும் இதே கூத்துத்தான். மண்டபத்தின் இந்த வாசலில் ஒருவர், அந்த வாசலில் ஒருவர். இவர் சாப்பிட எழுந்தால் அவன் பார்ப்பான், அவன் எழுந்தால் இவர் பார்ப்பார். ஒருவருக்கொருவர் பார்வை மட்டும் சந்திக்காது. எனக்கு இருவர் மண்டையையும் சேர்த்து மோதவேண்டும் போல இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் பேச்சை எடுப்பேன். "அவருக்கு முட்டி வலி அதிகமாயிடுச்சு" என்று ஆரம்பித்தால், அண்ணன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காஸைப் பற்றவைப்பான். பற்றவைக்க ஒன்றும் இருக்காது, சும்மா நெருப்பைச் சீறவிட்டுக்கொண்டு நிற்பான். அந்தச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, முதுகு வளைந்துபோனது, கைப்பிடி இல்லாமல் படி ஏற முடியவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். எல்லாம் அந்த நெருப்பின் இரைச்சலில் போயிற்று.

ஒருநாள் காஸ் தீர்ந்திருந்தது.

அவன் கண்ணாடியை மாட்டினான், குழாயைத் திருகினான், ஒன்றும் வரவில்லை. நான் விட்டேனா! இத்தனை வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "உனக்கும் வயசாச்சு, அவருக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே போய்ச் சேரப் போறீங்க. உங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி மனுஷியா மரமா? ஒரே ஒரு வார்த்தை. அது அவ்வளவு கனமா?" என்று கேட்டேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள்ளிருந்து கன்னத்தில் வழிந்தது. என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வரேன்" என்றான். "வந்து சொல்லிடறேன்."

"எழுந்திரு, இப்பவே போலாம்."

"கையை வீசிக்கிட்டா வரச் சொல்ற? ஒரு சைக்கிள் பண்ணி எடுத்துட்டு வரேன்."

"சைக்கிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வந்தா போதும்."

"என் கையால ஒரு குத்தம் ஆச்சு, என் கையாலதான் சரி பண்ணணும். வெறும் வாய்ப் பேச்சு யாருக்கு வேணும்?"

அங்கேதான் அவன் கோட்டைவிட்டான். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த வெறும் வாய்ப் பேச்சுத்தான். ஒரு சாதாரண ஆள், ஒரு பேக்கரிக்காரரோ ஒரு கிளார்க்கோ, அன்றே என்கூட நடந்து வந்து முடித்திருப்பார். இவன் தொழில்காரன். மன்னிப்பையும் அளந்து, அறுத்து, அராவித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான்.

"வந்து அளவாவது எடு, அவர் முன்ன மாதிரி இல்ல" என்றேன்.

"அவன் முதுகையே பாத்து ஓட்டினவன் நான். அவன் அளவு எனக்குத் தெரியாதா?" என்றான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அது மட்டும் இல்லை. பற்றவைப்பதையும் தானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தான். பற்றவைக்கிறது நான் இல்லையே என்று சொன்ன வாய்க்குத் தண்டனை. ஆயுளில் பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பழகாத கை, வயதான கண். பித்தளை ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கம் ஓடாது. சூடு அதிகமாகிக் குழாய் கறுத்துவிடும். அறுத்துப் போடுவான், புதுக் குழாய் எடுப்பான். மேசைக்குக் கீழே கெட்டுப்போன இணைப்புகள் குவிந்துகொண்டே போயின. வெயில் காலத்தில் ஆரம்பித்தது, மழை வந்து போயிற்று, அவன் இன்னும் மூன்றாவது இணைப்பில் நின்றுகொண்டிருந்தான்.

ஆரம்பித்த அன்றே, யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னான். நான் அன்று சாயங்காலமே இவரிடம் சொல்லிவிட்டேன். என் வயிற்றில் என்ன பூட்டா இருக்கிறது? இவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவன் பத்தவைக்கிறானா? தெருவைக் கொளுத்தாம இருந்தா சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். காலையிலேயே குளித்து, தலை வாரி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்வார். வாசலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் பட்டறையிலிருந்து வந்தால், "எதுவரைக்கும் வந்திருக்கான்?" என்று கேட்பார். பின் சக்கரம் உட்காரும் முக்கோணம் ஒட்டவில்லை என்று சொன்னால், "அந்த இடத்துல சூட்டைக் கீழயிருந்து காட்டணும், மேலயிருந்து காட்டினா ஓடாது" என்பார். அப்புறம், "சொல்லிடாத, அவனே கண்டுபிடிக்கட்டும்" என்பார்.

"நீங்களே ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்று கெஞ்சினேன்.

"வரேன்னு சொல்லிட்டான். சொன்னவன் வரட்டும். எனக்கு அவன் வர்றதைப் பாக்கணும்" என்றார். அவர் அதைப் பழைய வீம்பில் சொல்லவில்லை. விருந்தாளி வரப்போகும் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆசையாகச் சொன்னார். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவர் சீப்பைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். எல்லோரும் தெரிந்தவர்கள், ஓடி ஓடிப் பார்த்தார்கள். உயிர் பிழைத்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று. காது கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், ஆனால் பதில் வார்த்தையாக வராது என்றார் டாக்டர். சத்தம் வரும், வாக்கியம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வரும், சொல் மட்டும் இருக்காது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு கோடாக இழுப்பார். தலையாட்டச் சொன்னால் ஆட்டுவார். டீ வேண்டுமா என்றாலும் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் அதே மாதிரி ஆட்டுவார். தண்ணீர், விளக்கு, கழிவறை, இந்த மூன்று சத்தத்தை மட்டும் பழக்கத்தில் நான் கண்டுகொண்டேன்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். வார்டு கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். "உள்ள வா" என்றேன்.

"இன்னும் பெயின்ட் அடிக்கல" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அறைந்திருப்பேன். "பேச்சு போயிடுச்சுண்ணா" என்றேன். "சரியாயிடும், சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனான். போனவன் பட்டறையில் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை என்று அண்ணி சொன்னாள்.

இவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் முற்பகலில் அண்ணன் வந்தான். தெருமுனையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான், ஏறவில்லை. கரும்பச்சை, இவர் பந்தயத்தில் போட்ட சட்டையின் நிறம். பருந்துப் படம் இல்லை. இணைப்புகள் கொஞ்சம் தடித்திருந்தன, ஒரு இடத்தில் பித்தளை வழிந்து அப்படியே நின்றிருந்தது. அவன் அரத்தால் அதைத் தொடவே இல்லை. வாசலுக்கு நேரே போட்ட அந்த நாற்காலியில்தான் இவர் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியில் சாய்ந்து, ஒரு பக்கமாக இறங்கி.

அண்ணன் சைக்கிளை அவர் பக்கத்தில் நிறுத்தினான். சீட் இவர் தலைக்கு மேலே இருந்தது. வளைவின் உச்சியில் கால் நடுங்க நின்றாரே ஒரு நெடிய இளைஞர், அவருக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும். அண்ணன் இவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து, மண்டியிட்டு, சீட்டைத் தளர்த்திக் கீழே இறக்கினான். ஃபிரேமில் முட்டும்வரை இறக்கினான். அதற்கு மேல் இறங்க இடமில்லை. அப்போதும் உயரமாகத்தான் இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"அந்தக் குழாய்" என்றான். "நான்தான்டா ஜாஸ்தி அராவிட்டேன். உன் நெருப்பு சரியாத்தான் இருந்தது. தொட்டுப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சே அப்படிச் சொன்னேன்."

நான் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை காலம் நான் தவமிருந்த வார்த்தை அது. இவ்வளவு சின்னதாக இருந்தது.

இவர் அவனைப் பார்த்தார். பிறகு பேசினார். தண்ணீருக்கும் விளக்குக்கும் போடும் சத்தம் இல்லை அது. நீளமாக, நிறுத்தி நிறுத்தி, இடது கையைக் கொஞ்சம் தூக்கிப் பேசினார். எங்கோ ஒரு கேள்வி மாதிரி ஏறியது, எங்கோ தாழ்ந்தது. ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், பாதி முகம் அசையாது. கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணில் இப்போது எந்நேரமும் நீர்தான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "என்ன சொல்றான்?"

"தெரியலண்ணா."

"மன்னிச்சிட்டேன்னு சொல்றானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் அவனுக்கு நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் அது இவருடைய பதில். பட்டறையிலிருந்து நடந்து வந்த நாளிலிருந்து இவர் தனக்குள் வைத்துக் காத்த பதில். அதை நான் எப்படி இட்டுக்கட்டுவேன்?

"எனக்கும் புரியலண்ணா" என்றேன்.

அண்ணன் முட்டி போட்டு எழுந்து, இவர் வாயருகே காதைக் கொண்டுபோனான். "இன்னொரு தடவ சொல்லுடா" என்றான். இவர் அவசரப்படாமல் முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். அதே நீளம், அதே இடத்தில் நிறுத்தம், அதே இடத்தில் கை தூக்கல். அது ஒரு முழுமையான பதில் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.